மேப்பிள் பாகு அடுப்புக்குப் புகைபோக்கி எத்தனை அங்குலம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிப்ரவரி கடைசியில் கனடாவின் ஒன்டாரியோவில் பகலில் பனி உருகும், இரவில் திரும்பவும் உறையும். அந்த ஏற்ற இறக்கம்தான் சர்க்கரை மேப்பிள் மரத்தில் சாற்றை ஓட வைக்கிறது. ஓடத் தொடங்கிவிட்டால் சாறு யாருக்காகவும் காத்திருக்காது. வெயில் ஏறிய நாட்களில் வாளியிலேயே கலங்கிப் புளிக்கத் தொடங்கும். அந்த நேரத்தில் கூரை ஏறிப் புகைபோக்கியை மாற்றுவது பெரும் துன்பம். நான் பதினோரு ஆண்டுகளாக, இரண்டடி அகலமும் நான்கடி நீளமும் உள்ள விறகடுப்பில் அந்தச் சாற்றைப் பாகாகக் காய்ச்சுகிறேன். புதிதாகத் தொடங்கும் நண்பர்கள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன். இதை இலையுதிர் காலத்திலேயே படித்து முடித்து, வேலையையும் முடித்துவிடுங்கள்.

சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. எவாப்பரேட்டர் என்பது நீளமான ஓர் இரும்பு விறகடுப்பும், அதன்மேல் உட்காரும் தட்டையான எஃகுத் தொட்டியும் சேர்ந்தது. இனி அதை அடுப்பு என்றே சொல்கிறேன். நெருப்பு முன்பக்கம் எரியும். சுவாலை தொட்டியின் அடியைத் தடவிக்கொண்டு பின்பக்கம் போய்ப் புகைபோக்கியில் ஏறும்.

சாறு கொதிப்பது தொட்டியில். புகைபோக்கிக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

மேப்பிள் சாற்றில் சர்க்கரை ஏறத்தாழ 2 சதவீதம்தான். 86 என்ற எண்ணைச் சாற்றின் சர்க்கரைச் சதவீதத்தால் வகுத்தால், ஒரு லிட்டர் பாகுக்கு எத்தனை லிட்டர் சாறு வேண்டும் என்பது தெரியும் என்று பாகு காய்ச்சுகிறவர்களிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. 2 சதவீதச் சாறு என்றால் 43 லிட்டர். அதில் 42 லிட்டர் தண்ணீரை ஆவியாக்கி வானத்துக்கு அனுப்பிய பிறகுதான் ஒரு லிட்டர் பாகு கையில் நிற்கும்.

அத்தனை வெப்பத்தையும் விறகு வேகமாக எரிந்து தர வேண்டும். ஒரு கிலோ விறகு எரிய ஐந்தாறு கிலோ காற்று தேவை. நடைமுறையில் அதன் இரு மடங்கு உள்ளே போகிறது. விசிறி இல்லாத அடுப்பில் அந்தக் காற்றை உள்ளே இழுத்து வருவது புகைபோக்கியில் ஏறும் சூடான வாயு மட்டுமே. 0 டிகிரிக் குளிரில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.29 கிலோ. அதுவே 300 டிகிரி செல்சியசில் பாதிக்கும் குறைவு. இலேசான வாயு மேலே போக, கனமான குளிர்காற்று கீழ்வாயில் நுழைகிறது. இதைத்தான் இழுப்பு என்கிறோம். புகைபோக்கி சரியில்லாத அடுப்பு மூச்சு முட்டிய அடுப்பு. அதில் எவ்வளவு நல்ல விறகைப் போட்டாலும் கொதி வராது.

எந்த அடுப்புக்கு எத்தனை அங்குலக் குழாய்?

அடுப்பைச் செய்தவர் பின்பக்கத்தில் வைத்திருக்கும் கழுத்து வளையம் எத்தனை அங்குல விட்டமோ அதுவே முதல் விடை. அதை எக்காரணம் கொண்டும் குறைக்காதீர்கள்.

நீங்களே அடுப்பைக் கட்டுகிறீர்கள் என்றால், வழக்கத்தில் உள்ள அளவுகள் இவை. எண்ணெய் பீப்பாயை வெட்டிச் செய்த அடுப்புக்கும், இரண்டுக்கு மூன்றடி சிறு அடுப்புக்கும் 6 அல்லது 7 அங்குலம். இரண்டுக்கு நான்கடிக்கு 8 அங்குலம். இரண்டுக்கு ஆறடிக்கு 8 முதல் 10. மூன்றுக்கு எட்டடிக்கு 12. மூன்றுக்குப் பத்தடிக்கு 12 முதல் 14. அதற்கு மேற்பட்டவை பெரிய பாகுக் கொட்டகைகளின் அடுப்புகள். அவற்றைச் செய்து தருபவரே அளவையும் தருவார்.

தொட்டியின் வடிவத்தையும் பாருங்கள். அடி தட்டையாக இருக்கும் தொட்டி, ஒரு சதுர அடிக்கு மணிக்கு ஏறத்தாழ 4 லிட்டர் ஆவியாக்கும். அடி மடிப்பு மடிப்பாக, நெருப்பு நுழைந்து போகும் பள்ளங்களோடு இருக்கும் தொட்டி அதைப்போல இரு மடங்கும் அதற்கு மேலும் தரும். மடிப்புகளுக்குள் வாயு உரசிக்கொண்டு போவதால் அதற்கு இன்னும் வலுவான இழுப்பு வேண்டும். அளவு இரண்டுக்கு நடுவே தடுமாறினால், மடிப்புத் தொட்டிக்குப் பெரியதை எடுங்கள்.

வீட்டில் பழைய 6 அங்குலக் குழாய் சும்மா கிடக்கிறது. இரண்டுக்கு நான்கடி அடுப்புக்கு அது போதாதா?

நானும் அதைத்தான் செய்தேன். வீட்டுக் கணப்படுப்பிலிருந்து கழற்றிய குழாய், துருவில்லாமல் நன்றாக இருந்தது. பணம் மிச்சம் என்று 8 அங்குலக் கழுத்தில் அளவைக் குறுக்கும் வளையம் ஒன்றை மாட்டி அதைப் பொருத்தினேன். விறகு தணிந்து எரியும்போது ஒரு குறையும் தெரியவில்லை. கதவைத் திறந்து புதிய விறகு போட்டவுடன்தான் விளைவு தெரிந்தது. புகை பின்னால் போகாமல் கதவின் மேல்விளிம்பு வழியாகச் சுருண்டு என் முகத்துக்கு வந்தது. தொட்டியின் முன்பாதி கொதித்தது, பின்பாதியில் ஓரங்களில் சிறு குமிழிகள் மட்டும் ஏறின. நாள் முழுவதும் காய்ச்சியும் மணிக்கு 18 லிட்டருக்கு மேல் ஆவியாகவில்லை. கொட்டகைக்குள் சாற்று வாளிகள் வரிசையாகக் காத்திருந்தன. அடுத்த ஆண்டு 8 அங்குலக் குழாய் போட்டேன். அதே அடுப்பு, அதே தொட்டி, அதே மேப்பிள் விறகு. மணிக்கு 30 லிட்டர் வந்தது.

கணக்கு எளிது. 6 அங்குலக் குழாயின் குறுக்குப் பரப்பு 28 சதுர அங்குலம், 8 அங்குலக் குழாயினுடையது 50. இரண்டு அங்குல வித்தியாசம்தானே என்று கண் சொல்லும், ஆனால் வழி ஏறத்தாழ பாதியாகச் சுருங்கிவிடுகிறது. அதைவிடக் கொடுமை, அதே அளவு புகை சிறிய குழாயில் போக வேண்டுமானால் வேகம் கூட வேண்டும், வேகம் கூடக் கூடத் தடை அதன் வர்க்கமாக ஏறும். 8 அங்குலத்தில் இருக்கும் தடையைப் போல மூன்று மடங்கு தடை 6 அங்குலத்தில் இருக்கிறது.

விறகு சராசரியாக எரியும் வேகத்தை வைத்துப் பார்த்தால் சிறிய குழாயே போதும் என்று தோன்றும். ஆனால் விறகு ஒருபோதும் சராசரியாக எரிவதில்லை. புதிதாகப் போட்ட முதல் சில நிமிடங்களில் வாயு பொங்கிக்கொண்டு வரும். குழாய் அந்த உச்சத்துக்குத் தாங்க வேண்டும்.

அப்படியானால் பெரியதாகவே போட்டுவிடலாமே? 8 வேண்டிய இடத்தில் 12?

வேண்டாம். தேவைக்கு மிஞ்சிய குழாயில் வாயு சோம்பலாக ஏறும். ஏறும்போதே குளிர்ந்துவிடும். குளிர்ந்தால் இழுப்பு குறையும், புகையிலுள்ள தார் போன்ற கரி எண்ணெய் சுவரில் படியும். அகலமான, குட்டையான குழாய் இருப்பதிலேயே மோசம். குளிர்காற்று மேலிருந்து ஒரு பக்கமாக உள்ளே இறங்கக்கூட அதில் இடம் உண்டு. நெருப்பும் பெரியதாக, உயரமும் மிகுந்ததாக இருந்தால் இன்னொரு சிக்கல் வரும்: சுவாலை தொட்டியின் அடியில் தங்காமல் நேராகக் குழாய்க்குள் ஓடும். நீங்கள் எரிப்பது விறகு, சூடாவது வானம்.

ஒரு படி பெரிதாகிவிட்டால் கவலைப்படாதீர்கள். குழாயில் திருகித் திறக்கும் தகடு ஒன்றை வைத்து அடக்கிக்கொள்ளலாம். சிறிய குழாயைப் பெரிதாக்க ஒரு தகடும் உதவாது.

உயரம் எவ்வளவு வேண்டும்?

அடுப்பின் நீளத்தைப்போலக் குறைந்தது இரு மடங்கு என்பது பாகு காய்ச்சுகிறவர்களின் நெடுநாள் விதி. நான்கடி அடுப்புக்கு எட்டடி, பத்தடி அடுப்புக்கு இருபதடி. சிறிய அடுப்புகளுக்கு இது மிகக் குறைந்த அளவு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். என் அடுப்புக்கு 8 அடி போதவில்லை, 12 அடியில்தான் அமைதியாக எரிகிறது.

கூரை இன்னொரு விதியைப் போடும். குழாய் கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து 3 அடி உயர வேண்டும். சுற்றிலும் 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதைவிடவும் 2 அடி உயர்ந்து நிற்க வேண்டும். கூரையின் முகடோ பக்கத்து மரமோ அதைவிட உயரமாக இருந்தால், காற்று அதன்மேல் ஏறி வழிந்து குழாயின் வாயில் விழும். காற்றடிக்கும் நாட்களில் மட்டும் புகை திரும்புகிறது என்று சொல்பவர்களின் கொட்டகையைப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் குழாய் முகட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டிருக்கும்.

உயரத்தை வைத்து விட்டத்தின் குறையைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். 300 டிகிரி வாயுவும் 0 டிகிரி வெளிக்காற்றும் இருக்கும்போது ஒவ்வோர் அடி உயரமும் ஏறத்தாழ 2 பாஸ்கல் (பாஸ்கல் என்பது அழுத்தத்தின் அலகு) இழுப்பைத் தரும். ஆனால் ஓட்டம் இழுப்பின் வர்க்கமூலமாகத்தான் கூடும். 8 அடியை 16 அடியாக்கினால் மிஞ்சிப்போனால் 40 சதவீதம் கூடுதல் ஓட்டம் கிடைக்கும். 6 அங்குலத்தை 8 ஆக்கினால் பரப்பு மட்டுமே 78 சதவீதம் கூடுகிறது. முதலில் விட்டத்தைச் சரிசெய்யுங்கள், பிறகு உயரத்துக்கு வாருங்கள்.

சரியான குழாயைத்தான் போட்டேன். அப்படியும் கதவு வழியாகப் புகை வருகிறதே?

என்னிடம் வரும் கேள்விகளில் இதற்குத்தான் அதிக நேரம் செலவாகிறது. புகைபோக்கி என்றால் கூரைமேல் தெரியும் குழாய் மட்டும் என்று நினைக்கிறோம். விறகு கிடந்து எரியும் கம்பித்தட்டின் அடியில் காற்று நுழையும் இடத்திலிருந்து குழாயின் உச்சிவரை எல்லாம் ஒரே பாதை. அதில் எங்கே இடுக்கு இருக்கிறதோ அந்த இடுக்கின் அளவுதான் உங்கள் புகைபோக்கியின் அளவு.

ஒரு நண்பரின் அடுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். இரண்டுக்கு நான்கடி, 8 அங்குலக் குழாய், 14 அடி உயரம், எல்லாம் முறையாக இருந்தன. ஆனாலும் புகை கதவுக்கு வந்தது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தோம். நெருப்புக்குப் பின்னால், சுவாலையைத் தொட்டியின் அடியோடு ஒட்டிப் போக வைப்பதற்காகச் செங்கல் சரிவு ஒன்று கட்டுவது வழக்கம். அதன் உச்சிக்கும் தொட்டிக்கும் இடையே அவர் ஓர் அங்குலம்தான் விட்டிருந்தார். உள் அகலம் 22 அங்குலம். ஆக, அத்தனை புகையும் 22 சதுர அங்குல வழியில் நெருங்கிப் போக வேண்டியிருந்தது. அது 6 அங்குலக் குழாயின் வழியைவிடவும் குறைவு. மேல்வரிசைச் செங்கற்களை எடுத்துவிட்டு இரண்டங்குலம் விட்டோம். 44 சதுர அங்குலம், ஏறத்தாழ குழாயின் அளவு. அன்று மாலையே அடுப்பு சீராக எரிந்தது.

இதைப் போலவே பார்க்க வேண்டிய இடங்கள் இன்னும் உண்டு. கம்பித்தட்டின் சந்துகளில் சாம்பலும் கரியும் அடைத்திருக்கலாம். அடுப்பின் சதுரமான பின்வாயை வட்டக் குழாயோடு சேர்க்கும் எஃகுக் கூட்டில் சாம்பல் மேடு கட்டியிருக்கலாம். தொட்டியின் மடிப்புகளில் புகைக்கரி திரண்டிருக்கலாம். அளவுநாடாவை எடுத்து ஒவ்வோர் இடத்தின் அகலத்தையும் உயரத்தையும் பெருக்கிக் குழாயின் பரப்போடு ஒப்பிடுங்கள். அரை மணி நேர வேலை. புதுக் குழாய் வாங்கும் முன் இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

இழுப்பு போதுமா என்று எப்படிச் சோதிப்பது?

நல்ல முழு நெருப்பு எரியும்போது கதவை இரண்டு விரல் அகலம் திறந்து, பற்றவைத்த ஊதுபத்தியைக் கதவிடுக்கின் மேல்முனைக்கு அருகே பிடியுங்கள். புகை நூல் வளைந்து அடுப்புக்குள் ஓடினால் இழுப்பு இருக்கிறது. நேரே மேலே போனால் இழுப்பு குறைவு. உங்களை நோக்கி வந்தால் மேலே சொன்ன இடுக்கு வேட்டையைத் தொடங்குங்கள். எண்ணாகவே தெரிய வேண்டுமென்றால், குழாயில் சிறு துளையிட்டு, அழுத்தத்தை அளக்கும் மானோமீட்டரால் அளக்கலாம்.

எல்போ, அதாவது குழாயைத் திருப்பும் வளைவுத் துண்டு, போட்டால் இழுப்பு குறையுமா?

குறையும். புகைபோக்கி நேராக ஏறினால் அதைவிடச் சிறப்பு இல்லை. கூரைச் சட்டம் குறுக்கே வருகிறது, விலக்கியே ஆக வேண்டும் என்றால், ஒரு 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக இரண்டு 45 டிகிரி எல்போக்களைப் போடுங்கள். சுவர் வழியாக வெளியே எடுக்கிறவர்கள் கிடையாகப் போகும் பகுதியை இயன்றவரை குறைத்து, அதையும் மேல்நோக்கிச் சற்றுச் சாய்த்து வையுங்கள். திரும்பும் இடத்தில் சாம்பல் எடுக்க ஒரு மூடி கட்டாயம் வேண்டும்.

குழாயின் வெப்பம் எவ்வளவு இருக்க வேண்டும்?

குழாய் அடுப்பிலிருந்து கிளம்பும் இடத்துக்குச் சற்று மேலே ஒரு வெப்பமானியைப் பொருத்துங்கள். விறகடுப்பில் 200 முதல் 320 டிகிரி செல்சியசுக்குள் நின்றால் நிம்மதி. 400ஐத் தாண்டி அங்கேயே நின்றால் தொட்டிக்குப் போக வேண்டிய வெப்பம் வீணாகிறது. செங்கல் சரிவு சரிந்திருக்கிறதா, தொட்டியின் அடியில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குழாய் சூடாக ஆக உள்ளே வரும் காற்று கூடிக்கொண்டே போகும் என்று நம்புகிறவர்கள் உண்டு. அப்படியில்லை. வெளியே 0 டிகிரி என்றால், உள்ளே 270 டிகிரி அளவில் குழாய் கடத்தும் வாயுவின் எடை உச்சத்தைத் தொடும். அதற்கு மேல் வாயு விரிந்து இடத்தை அடைத்துக்கொள்கிறதே தவிர, கூடுதல் காற்று உள்ளே வருவதில்லை.

இரவில் குழாயின் உச்சியில் சுவாலை தெரிந்தால், விறகிலிருந்து வந்த வாயு அடுப்புக்குள் எரிந்து முடியாமல் குழாயில் எரிகிறது என்று பொருள். விறகை மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, கொஞ்சம் கொஞ்சமாக, ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு முறை போடுங்கள். அடுப்பை அடைய அடைய நிரப்பாதீர்கள். நெருப்பின் மேற்பகுதிக்கும் கொஞ்சம் காற்றுக் கொடுத்தால் வாயு அங்கேயே எரிந்து தீரும்.

விசிறி வைத்து ஊதினால் சிறிய குழாய் போதுமா?

விசிறி காற்றை உள்ளே தள்ளும். உள்ளே போனது வெளியேற வழி வேண்டும். வழி இல்லாமல் ஊதினால் கதவிடுக்கு, தொட்டியின் விளிம்பு எல்லாவற்றிலும் புகையும் பொறியும் பீறிடும். விசிறி வைத்தவர்கள் உயரத்தில் கொஞ்சம் சமரசம் செய்யலாம், செங்கல் இடுக்கையும் நெருக்கலாம். விட்டத்தைக் குறைக்க வேண்டாம்.

எதிர் சவ்வூடு பரவல் கருவியில், அதாவது சாற்றைச் சவ்வு வழியே அழுத்தி நீரைப் பிரிக்கும் கருவியில், சாற்றிலுள்ள முக்கால்வாசி நீரை முன்பே எடுத்துவிடுகிறேன். இப்போதாவது குழாயைக் குறைக்கலாமா?

காய்ச்சும் நேரம்தான் குறைகிறது. எரியும்போது நெருப்பு அதே நெருப்புதான். குழாயும் அதேதான்.

எந்த உலோகம்?

எவர்சில்வர், அதாவது துருப்பிடிக்காத எஃகு, முதல் தேர்வு. துத்தநாகம் பூசிய தகரக் குழாய் மலிவு, ஆனால் அந்தப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் நெடுநேரம் தாங்காது, 420 டிகிரியில் துத்தநாகம் உருகியே விடும். அடுப்பை ஒட்டிய முதல் சில அடிகளுக்கு அதைப் பயன்படுத்தவே கூடாது. அதன் புகை மூச்சுக்கும் கெடுதல்.

கூரையைத் துளைக்கும் இடத்தில் ஒற்றைச் சுவர்க் குழாய் மரத்திலிருந்து 18 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். அவ்வளவு இடம் இல்லையென்றால் அந்தப் பகுதிக்கு மட்டுமாவது வெப்பக்காப்பு உள்ள இரட்டைச் சுவர்க் குழாயை வாங்குங்கள். கனடாவில் அது 650 டிகிரிக்குத் தகுதி பெற்றது என்று முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அதற்கு 2 அங்குல இடைவெளி போதும். பாகுக் கொட்டகையில் தீ, கூரையில் குழாய் நுழையும் இந்த இடத்திலிருந்து தொடங்கக்கூடும். ஒவ்வோர் இணைப்பிலும் மூன்று திருகாணி போட்டு, உயரமான குழாயை மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டுங்கள்.

கொட்டகை வீட்டுக் காப்பீட்டில் அடங்குமென்றால், குழாயை வாங்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்திடம் பேசுங்கள். சான்றிதழ் பெற்ற விறகடுப்புப் பரிசோதகரின் அறிக்கையை அவர்கள் கேட்கக்கூடும்.

நீராவி போகும் குழாயும் இதே அளவா?

அது வேறு குழாய். தொட்டியின்மேல் மூடி வைத்திருப்பவர்கள் நீராவிக்குத் தனிக் குழாய் வைப்பார்கள். அது புகைபோக்கிக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்கலாம். அதன் உள்சுவரில் ஆவி குளிர்ந்து சொட்டும். அந்த நீர் திரும்பவும் பாகில் விழாதபடி அடியில் ஒரு வாய்க்கால் வேண்டும்.

குளிருக்காகக் கொட்டகையை இறுக அடைத்துக்கொள்ளலாமா?

ஒருபோதும் வேண்டாம். நெருப்பு இழுக்கும் காற்று கொட்டகைக்குள்தான் வர வேண்டும். கதவும் சன்னலும் அடைத்திருந்தால், நீராவியை வெளியேற்ற விசிறியும் ஓடினால், புகைபோக்கி தலைகீழாக இழுக்கத் தொடங்கும். அப்போது உள்ளே திரும்பும் புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில், தரையோடு ஒட்டி ஒரு காற்றுவழி வெட்டுங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் மாட்டுங்கள். குழந்தைகளை அழைத்து வந்து பாகு காய்ச்சுவதைக் காட்டும் நாட்களில் இதை இரண்டு முறை சோதித்துப் பாருங்கள்.

உச்சியில் மூடி வேண்டுமா?

எரியும்போது திறந்திருக்கவும், அணைந்த பிறகு மூடவும் கூடிய மூடி வேண்டும். பழைய கொட்டகைகளில் கீல் வைத்த தகட்டு மூடியும், அதைக் கீழிருந்து இழுக்கும் கயிறோ கம்பியோ இருக்கும். அதைவிட நல்ல ஏற்பாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. வீட்டுப் புகைபோக்கியின் குடைமூடியை மாட்டினால் வாய் நெருங்கி இழுப்பு குறையும். அதன் வலையிலும் கரி அடைக்கும்.

ஏப்ரலில் மொட்டு விரிந்து சாறு கசக்கத் தொடங்கியதும் பருவம் முடிந்தது. அடுப்பு முழுக்க ஆறியபின் சாம்பலை அள்ளி, குழாயைத் துலக்கி, மூடியை இறுகக் கட்டுங்கள். மூடாமல் விட்டால் மழைநீர் குழாய் வழியாக இறங்கிச் சாம்பலோடு கலந்து காரமாகி, கோடை முழுவதும் பின்கூட்டையும் அடுப்பின் தகட்டையும் அரித்துக்கொண்டிருக்கும். முதல் உறைபனி வரும் வாரத்தில் மூடியைத் திறந்து, கைவிளக்கை உள்ளே அடித்து ஒரு முறை மேலே பாருங்கள். கோடையில் குருவி கூடு கட்டியிருக்கக்கூடும்.